இறைச்சியிலும் உயர்வு தாழ்வா?

அமெரிக்க ஆங்கிலத்திலே ஒரு வழக்குத்தொடர் உண்டு. வசதியாக வாழ்பவன் ஒருவனைக் குறிப்பிடுகையில், அவன் பன்றியின் மேற்பாகத்தை உண்டு வாழ்கிறான் என்பர். முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் மென்மையான தசை செல்வனின் தட்டுக்கு உரியது. கால், வால், குடல், மூஞ்சி ஆகியன ஏழையின் சட்டிக்கு உரியன. விலங்கொன்றின் உடலை மேலிருந்து கீழாக நோக்கினாலே சமுதாயத்தின் அடுக்கு முழுவதும் தெரிந்துவிடும் என்பது இத்தொடரின் உட்கருத்து. சொன்னவர்கள் வேடிக்கையாகச் சொல்லியிருக்கலாம். ஆயினும் பழகுமொழிகள் பல, சமுதாயம் தன்னைப்பற்றித் தானே அறியாது கொடுத்த வாக்குமூலங்களாக அமைவதுண்டு.

அந்நாட்டிலே வீட்டின் பின்வளவில் இரும்புக் கம்பித்தட்டுப் பொருத்திய கரியடுப்பொன்றை வைத்து, ஓய்வுநாளிலே குடும்பத்தோடும் அயலவரோடும் கூடி இறைச்சி சுட்டுண்பது பரவலான வழக்கம். நெடுங்காலமாக அவ்வடுப்பில் ஏறியவை விரைவில் வேகும் மெல்லிய துண்டங்களே. அண்மைக் காலத்திலே வேறொரு நாட்டம் தோன்றியுள்ளது. கழுத்தெலும்பு, தாடை, வால், கால், காது, மூஞ்சி என முன்னர் ஏறெடுத்தும் பார்க்கப்படாத பகுதிகளை இறைச்சிக்கடையிலே கேட்டு வாங்கி, பின்வளவு அடுப்பிலே பக்குவஞ்செய்வோர் பெருகியுள்ளனர். இது சுவையைத் தேடும் முயற்சி மாத்திரமன்று, அறச்செயலுமாகும் என்று அவர்களிற் பலர் வாதிப்பர். ஓர் உயிரைக் கொன்றபின் அதில் எதனையும் வீணாக்கலாகாது என்பது அவர்களது நியாயம்.

இந்த நியாயத்தை எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம். அடுப்படிச் சங்கதிக்குத் தத்துவ விசாரம் எதற்கு என்று சிலர் நகைக்கக்கூடும். ஆனால், உணவு எங்கிருந்து வருகிறது, யார் கைப்பட்டு வருகிறது, அதை உண்ண யார் அனுமதிக்கப்படுகின்றனர் என்ற வினாக்களை எழுப்பாத ஒழுக்கவியல், பசித்தறியாதவரின் ஒழுக்கவியலாகவே இருக்கும்.

முதலிலே, ஒரு விலங்கின் உடலில் உயர்ந்த பகுதி, இழிந்த பகுதி என்ற பேதம் இயற்கையில் உண்டா என்பதை நோக்குவோம்.

இறைச்சி மென்மையாக இருப்பதும் கடினமாக இருப்பதும் அத்தசை உயிரோடிருந்த காலத்திலே செய்த வேலையைப் பெரிதும் பொறுத்தது. முதுகெலும்பின் இருபுறமும் உள்ள தசை அதிகம் உழைப்பதில்லை. ஆகவே அது மென்மையானது. அதிக விலைக்கும் விற்கப்படுவது. விலங்கின் பாரத்தைத் தாங்கி நடக்கும் தோளும் காலும், நாள்முழுவதும் அசைபோடும் தாடையும், நிலத்தைக் கிண்டி இரைதேடும் கழுத்தும் மூஞ்சியும் ஓயாது உழைப்பவை. இவற்றிலே கொலாஜின் எனப்படும் இணைப்புப் பொருள் செறிந்திருக்கும். அவசரப்பட்டுச் சுட்டால் இவை தோல்போல் ஆகிவிடும். உழைக்காத தசைக்கு உயர்ந்த விலை, உழைத்த தசைக்குத் தாழ்ந்த விலை. ஆனால் ஆழ்ந்த சுவை பெரும்பாலும் உழைத்த தசையிலேதான் இருக்கிறது என்பதைச் சமையல் அறிந்தோர் யாவரும் ஒப்புவர்.

அச்சுவையை வெளிக்கொணரும் வழி ஒன்றே, அது காலம். பன்றியின் முதுகுத் துண்டம் 63 பாகை செல்சியஸ் வெப்பத்தை உள்ளே எட்டியதும் உண்ணத் தகுந்ததாகிவிடும். தோள் இறைச்சியும் அவ்வெப்பத்திலே நோயச்சம் நீங்கியதாகிவிடும், ஆனால் மெல்லமுடியாது. கொலாஜின் உருகி, வழுவழுப்பான ஜெலற்றினாக மாறுவதற்கு உள்வெப்பம் 90 பாகையைத் தாண்டவேண்டும். அதுவும் மெல்ல மெல்லத் தாண்டவேண்டும். ஆகவே தணலை அடுப்பின் ஒரு பக்கத்திலே ஒதுக்கி, இறைச்சியை மறுபக்கத்திலே வைத்து, மூடியால் மூடி, காற்றுத் துவாரங்களைக் குறுக்கி, உள்ளே வெப்பம் ஏறத்தாழ 110 பாகையிலே நிற்கும்படி பார்த்துக்கொள்வர். நேரே தணலின்மேல் வைத்தால் உருகும் கொழுப்புச் சொட்டித் தீச்சுவாலை எழும். வெளியே கரியும், உள்ளே வேகாது. முழுத் தோளொன்று பதமாக எட்டு மணிநேரமும் ஆகலாம், பன்னிரண்டு மணிநேரமும் ஆகலாம். இடையிலே, 70 பாகையை அண்மிக்கும்போது, வெப்பம் ஏறாமலே மணிக்கணக்கில் நின்றுவிடும். வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விப்பதுபோல, இறைச்சியின் ஈரம் ஆவியாகி அதனைக் குளிர்விப்பதே காரணம். அனுபவமற்றவன் இவ்வேளையிலே பொறுமையிழந்து தணலைக் கூட்டிப் பண்டத்தைக் கெடுத்துவிடுவான்.

ஏனைய பகுதிகளுக்கும் தத்தமக்கேற்ற பக்குவம் உண்டு. கால் பெரும்பாலும் தோலும் நரம்பும் எலும்புமே. அதனை முதலிலே சில மணிநேரம் அவித்து, பின்னர் தணலில் வாட்டித் தோலை மொறுமொறுப்பாக்குவர். மிசூரி மாநிலத்துச் செயின்ற் லூயிஸ் நகரிலே மூஞ்சியைப் பிளந்து, நாசித்துவாரப் பகுதியை நீக்கி, கொழுப்பெல்லாம் உருகி வடியும்வரை மெதுவான அனலில் வாட்டி, தக்காளியும் வினாகிரியும் சேர்ந்த குழம்பைப் பூசி உண்பர். தோளை எலும்போடு குறுக்கே தடித்த துண்டங்களாக அறுத்துத் தணலில் சிவக்கவைத்து, அதே குழம்பிலே மெல்ல வேகவைப்பதும் அந்நகரின் தனி வழக்கம்.

இவற்றாற் பெறப்படுவது யாது? இறைச்சியின் இழிவு இறைச்சியில் இல்லை. மலிவான துண்டத்துக்கும் விலையுயர்ந்த துண்டத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மனித உழைப்பும் பொறுமையும் ஈடுசெய்துவிடுகின்றன. அப்படியாயின், பத்து மணிநேரம் தணலருகே நின்றவர் யார்? அக்காலம் யாருடைய காலம்?

இவ்விடத்திலே நாம் வரலாற்றை நாடவேண்டியவராகிறோம். பன்றி அமெரிக்க மண்ணுக்குரிய விலங்கன்று. 1539இல் புளோரிடாக் கரையிலே இறங்கிய ஸ்பானியப் படைத்தலைவன் எர்னாண்டோ டி சோட்டோ, தன் படைக்கு உணவாகப் பன்றிகளையும் உடன் கொண்டுசென்றான். பார்பிக்யூ என்ற சொல்லோ கரீபியத் தீவுகளின் பூர்வகுடிகள் மரச்சட்டத்தின்மேல் உணவை வாட்டிய முறையைக் குறித்த சொல்லிலிருந்து ஸ்பானியர் வாயிலாக வந்தது. விலங்கு ஐரோப்பியருடையது, முறையும் சொல்லும் பூர்வகுடிகளுடையவை, தென்மாநிலங்களிலே அதனை ஒரு பெருங்கலையாக வளர்த்த கைகள் பெரும்பாலும் ஆபிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொணரப்பட்ட அடிமைகளுடையவை. தோட்ட முதலாளியின் விருந்துக்கும் அரசியல்வாதியின் தேர்தல் விருந்துக்கும் நிலத்திலே நீண்ட குழிவெட்டி, விறகெரித்துத் தணலாக்கி, முழுப் பன்றிகளை இராமுழுதும் புரட்டிப் புரட்டிச் சுட்டவர்கள் அவர்களே. அவர்கள் செலவிட்ட அந்தக் காலத்துக்குக் கூலி இல்லை.

அவர்களுக்குக் கிடைத்த உணவு எத்தகையது? அடிமையாய்ப் பிறந்து தப்பியோடிப் பெரும் பேச்சாளரான பிரெடெரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றிலே, தாம் வாழ்ந்த மேரிலாந்துத் தோட்டத்தில் வளர்ந்த அடிமை ஒருவருக்கு மாதமொன்றுக்கு எட்டு இறாத்தல் பன்றியிறைச்சி அல்லது அதற்கீடான மீனும், ஒரு புசல் சோளமாவும் அளந்து கொடுக்கப்பட்டதைப் பதிவுசெய்துள்ளார். பன்றி அடிக்கும் காலத்திலே முதலாளியின் வீட்டார் வேண்டாமென ஒதுக்கிய குடலும் காலும் தலையும் அடிமைகளின் குடிசைக்குச் சென்றன. ஒதுக்கப்பட்ட பொருளையும் உண்ணத்தகு பண்டமாக்கிய அறிவு அக்குடிசைகளிலே விளைந்தது. வறுமையை அழகுபடுத்திக் கூறுவது நம் நோக்கமன்று. வேறு வழியில்லாதபோது மனிதர் காட்டிய திறன் போற்றத்தக்கது. வேறு வழியில்லாமற் செய்த ஏற்பாடு வெறுக்கத்தக்கது. இவ்விரண்டையும் ஒருங்கே மனத்திருத்துதல் வேண்டும்.

1910க்கும் 1970க்கும் இடைப்பட்ட காலத்திலே ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பின மக்கள் தென்மாநிலங்களை விட்டு வடக்கும் மேற்கும் நோக்கிப் பெயர்ந்தனர். சிக்காகோ, செயின்ற் லூயிஸ், கன்சாஸ் சிற்றி முதலிய நகரங்களுக்கு அவர்களோடு அச்சமையலும் சென்றது. அவர்களிற் பலருக்கு வேலை கொடுத்தவையும் இறைச்சித் தொழிற்சாலைகளே. 1865இல் திறக்கப்பட்ட சிக்காகோவின் பெருந் தொழுவங்களைச் சூழ எழுந்த ஆலைகளிலே, கொன்ற விலங்கு மேலே தொங்கியவாறு நகர்ந்து செல்ல, வரிசையாய் நின்ற தொழிலாளர் ஒவ்வொருவரும் ஒரேயொரு வெட்டை மாத்திரம் நாள்முழுதும் வெட்டினர். பன்றியைத் துண்டாடிய அதே முறை தொழிலாளியின் திறனையும் துண்டாடியது. முழு விலங்கையும் அறிந்த கைவினைஞன் போய், ஒரு வெட்டை மட்டும் அறிந்த கூலியாள் வந்தான். தமது மோட்டார்த் தொழிற்சாலையின் நகரும் வரிசைக்கான எண்ணம் சிக்காகோவின் இறைச்சி ஆலைகளிலிருந்து கிடைத்ததென ஹென்றி போர்டே பின்னர் எழுதினார். 1920களிலே அவருடைய நிறுவனம் மிச்சிகன் மாநிலத்து மர ஆலையின் கழிவிலிருந்து கரிக்கட்டிகளைச் செய்து விற்கத் தொடங்கியது. இன்றும் அமெரிக்கப் பின்வளவுகள் பலவற்றிலே அவ்வகைக் கரி எரிகிறது.

1906இல் அப்டன் சிங்ளேயர், சிக்காகோ இறைச்சித் தொழிலாளரின் துயரத்தைக் காட்டும் 'காடு' என்னும் நாவலை வெளியிட்டார். நாடு கொதித்தெழுந்தது, அவ்வாண்டிலேயே இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் நிறைவேறியது. ஆனால் அச்சட்டம் உண்பவரின் வயிற்றைக் காத்ததேயன்றி வெட்டுபவரின் கையைக் காக்கவில்லை. மக்களின் இதயத்தைக் குறிவைத்துத் தாம் எறிந்த கல் வயிற்றிலே பட்டுவிட்டதென்று ஆசிரியரே வருந்தினார்.

பின்வளவு என்பதும் யாவருக்கும் பொதுவாயிருக்கவில்லை. 1952இல் சிக்காகோப் பகுதியிலே உலோகத் தொழிற்சாலையொன்றிற் பணியாற்றிய ஜோர்ஜ் ஸ்ரீபன் என்பவர், நீர்மிதவைக்கான இரும்புக் கோளத்தை இரண்டாக்கி, மூடியுள்ள உருண்டை அடுப்பைச் செய்தார். புறநகர் வீடுகள் பல்கிப் பெருகிய காலம் அது. நியூயோர்க்கை அடுத்து 1947இல் தொடங்கி 17,000க்கு மேற்பட்ட வீடுகளோடு எழுந்த லெவிற்றவுணிலே, வெள்ளையரல்லாதார் குடியிருக்கக்கூடாது என்ற நிபந்தனை தொடக்கத்து ஒப்பந்தங்களிலேயே அச்சிடப்பட்டிருந்தது. சுடும் கலையை வளர்த்த மக்களுக்கு, அடுப்பு வைக்கும் வளவு மறுக்கப்பட்டது. அடுப்பருகே நிற்பதற்கான ஓய்வுநேரமுங்கூட வானத்திலிருந்து வந்ததன்று. எட்டு மணிநேர வேலைநாளுக்காக 1886 மே மாதத்திலே சிக்காகோத் தெருக்களிற் போராடியவர்களை மறந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இறைச்சியின் சுவையைப் பேசுதல் முறையாகாது.

இவ்வரலாற்றின் உட்பொருளை ஒரு வழக்கு துலக்கமாகக் காட்டுகிறது. அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹம் நகரிலே 'ஒல்லீஸ் பார்பிக்யூ' என்ற உணவகம் இருந்தது. 220 பேர் அமர்ந்துண்ண வசதியுள்ளது. அங்கு வேலைசெய்த 36 பேரில் மூன்றிலிரண்டு பங்கினர் கறுப்பினத்தவர். ஆனால் கறுப்பினத்து வாடிக்கையாளர் எவரும் உள்ளே அமர்ந்துண்ண முடியாது; பொட்டலமாக வாங்கிச் செல்லலாம். உழைக்கும் கறுப்புக்கை உள்ளே இருக்கலாம். உண்ணும் கறுப்பு வாய் உள்ளே இருக்கலாகாது. 1964இல் குடியுரிமைச் சட்டம் இப்பேதத்தைத் தடைசெய்தபோது, தம்முடையது உள்ளூர் வியாபாரமே, மத்திய சட்டம் தம்மைக் கட்டுப்படுத்தாது என்று உரிமையாளர் வழக்காடினர். அவ்வாண்டு டிசம்பர் மாதத்திலே உச்சநீதிமன்றம் ஒருமனதாக அவ்வாதத்தை நிராகரித்தது. எந்த அடிப்படையில்? உணவகம் வாங்கிய பண்டங்களில் 46 வீதம் வெளிமாநிலத்திலிருந்து வந்த இறைச்சி என்பதும், மாநிலங்களுக்கிடையிலான வர்த்தகத்தை ஒழுங்குசெய்யும் அதிகாரம் சட்டமன்றத்துக்கு உண்டு என்பதுமே முதன்மையான அடிப்படை. தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆயினும் சிந்திக்க வேண்டும். இறைச்சி எல்லை கடந்து வந்தது; ஆகவே மனிதர் வாசற்படியைக் கடக்கலாயினர். தீர்ப்போடு உடன்பட்ட நீதியரசர் டக்ளஸ், மனித உரிமையை வர்த்தகத்தின்மேல் நிறுத்தாது குடிமக்களின் சமத்துவத்தின்மேலேயே நிறுத்தியிருத்தல் வேண்டும் எனத் தனியே எழுதிவைத்தார்.

பண்டம் கடக்கும் எல்லையை மனிதர் கடக்கமுடியாதிருந்த நிலை நமக்குப் புதியதா? யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளிலே தாழ்த்தப்பட்ட மக்கள் வெளியே நின்று, தமக்கென ஒதுக்கப்பட்ட பேணியிலும் போத்தலிலும் தேநீர் வாங்கிக் குடித்த காலம் மிகத் தொலைவில் இல்லை. அவர்கள் பனையேறி இறக்கிய கருப்பநீரிலே காய்ச்சிய பனங்கட்டி கடையினுள்ளே இருந்தது. அதைக் கடித்துத் தேநீர் பருகியவரின் ஆசாரம் கெடவில்லை. பனையேறியவர் உள்ளே வந்தாலே ஆசாரம் கெட்டது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரும், வாங்கிலே சமமாக அமர்வதற்காக மக்கள் ஆண்டுக்கணக்கிற் போராட வேண்டியிருந்தது. பர்மிங்ஹத்துப் பொட்டலமும் யாழ்ப்பாணத்துப் பேணியும் ஒரே தருக்கத்தின் இரு வடிவங்கள்.

இனி, தொடக்கத்திலே கண்ட நியாயத்துக்கு மீள்வோம். கொன்றதை வீணாக்காதே என்பது நல்ல விதி. தோள்தசையை எறிந்துவிட்டு முதுகுத்தசையை மட்டும் உண்பவனிலும் பார்க்க, முழுவதையும் பயன்படுத்துபவன் மேலானவனே. மூஞ்சியைத் தன் கையால் துப்புரவாக்கி அடுப்பிலிடுபவன், தான் உண்பது நேற்றுவரை மூச்சுவிட்ட ஓர் உயிர் என்பதை மறைத்துக்கொள்ள இயலாது. மெல்லிய தாளிற் பொதிந்த எலும்பில்லாத் துண்டத்தை வாங்குபவனுக்கு அந்த மறதி எளிது. புலால் மறுத்தோர் உடனே இடைமறிப்பர்: கொலையை ஒப்புக்கொள்ளும் நேர்மை கொலையை நியாயப்படுத்துமா என்று. நியாயப்படுத்தாது. அவ்வினா தனியே நிற்கிறது. வீணாக்காமை அதற்கு விடையாகாது. ஆனால் உண்ணாமையை நோன்பாகக் கொள்வது வேறு, உண்பவனை இழிந்தவனாக்கும் கருவியாக அதனைக் கொள்வது வேறு. யூதரும் முஸ்லிம்களும் தம் நெறியின்படி பன்றியிறைச்சியை விலக்குவது முன்னையது. மாட்டிறைச்சி தின்பவன், பன்றி தின்பவன் என்று ஒரு சாதியையே சுட்டி வீட்டுக்கு வெளியே நிறுத்துவது பின்னையது. முன்னதை மதிக்கவேண்டும், பின்னதை எதிர்க்கவேண்டும்.

வீணாக்காமை என்னும் அறத்தின் குறைபாடு வேறிடத்திலே உள்ளது. அது விலங்கின் உடலோடு நின்றுவிடுகிறது. ஏழையின் பண்டத்தைச் செல்வர் விரும்பத் தொடங்கும்போது அதன் விலை ஏறுகிறது. ஒருகாலத்தில் மலிவாயிருந்த விலாவெலும்பும் வயிற்றிறைச்சியும் இன்று மலிவானவையல்ல. துண்டத்தின் இழிவு நீங்கியது. அத்துண்டத்தை உண்ணப் பணித்து வைக்கப்பட்ட மக்களின் இழிவு நீங்கியதா? சுவை மேலேறிச் சென்றுவிட்டது, சுவையைத் தந்தவர் கீழேயே நிற்கின்றனர் எனின், நாம் கண்டது சமத்துவமன்று, இன்னுமொரு பறித்தலே.

2020 ஏப்ரலில் தென் டகோட்டா மாநிலத்துச் சூ போல்ஸ் நகரிலுள்ள பெரும் பன்றியிறைச்சி ஆலையிலே கொரோனாத் தொற்றுப் பரவியது. தோளோடு தோள் நெருங்கி நின்று வெட்டியவர்களிற் பெருந்தொகையினர் பிறநாடுகளிலிருந்து குடிபெயர்ந்த ஏழைகள். 1294 தொழிலாளர் தொற்றுக்கு ஆளாயினர், நால்வர் இறந்தனர். அம்மாதத்திலேயே, இறைச்சி ஆலைகள் இயங்கவேண்டும் என ஜனாதிபதியின் ஆணை பிறந்தது. தொழிற் பாதுகாப்புத் திணைக்களம் அவ்வாலைக்கு விதித்த அபராதம் 13,494 டொலர். பன்றியின் வாலையும் வீணாக்காத நாகரிகம், அதை வெட்டிய மனிதரின் நுரையீரலை வீணாக்கியது.

ஆகவே பின்வளவில் அடுப்பேற்றுபவரை நோக்கி, உண்ணாதே என்று நாம் கூறவரவில்லை. மகிழ்ச்சிக்கு எதிரான அறம் உழைப்பாளிக்கு உதவாது. ஓய்வும் விருந்தும் அவனுக்கும் உரியவை. நாம் கேட்பது, அவர் இறைச்சிக்குக் காட்டும் மதிப்பை அங்கேயே நிறுத்திவிடலாகாது என்பதே. மூஞ்சியிலே சுவையுண்டு எனக் கண்டவர், அச்சுவையை முதலிலே கண்டவர் யார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். ஆலையிலே அதை வெட்டியவரின் கூலியும், சங்கமமைக்கும் உரிமையும், அவர் நிற்கும் இடைவெளியும் தம் விருந்தின் பகுதியே என உணரவேண்டும். பள்ளிக்கூடத்திலே கற்பிக்கும் நாமும், கற்கும் மாணவரும், நம் ஊர்க் கடையில் எந்தப் பண்டம் உள்ளே இருக்கிறது, அதைத் தந்த எவர் வெளியே நிற்கிறார் என்று ஒருமுறை பார்த்தல் வேண்டும்.

கடினமான தசையும் பதமாகும் என்று கண்டவர்கள், தணலருகே இராமுழுதும் விழித்திருந்த மனிதர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எந்த மேசையிலும், எவரது வளவிலும், அழைப்பின் கருணையால் அன்றித் தம் உரிமையால் அமர்ந்துண்ணும் நாளிலேதான் அந்த இறைச்சி முழுமையாகப் பதமானது என்று சொல்லலாம்.